திங்க்பேட் எக்ஸ்1 கார்பன்: வாங்கும் முன் எல்லாரும் கேட்கிற கேள்விகள்

லெனோவோவின் திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் 2012இல் வந்தது. 14 அங்குலத் திரை, ஒரு கிலோவைச் சற்றே தாண்டும் எடை, கறுப்பு உடம்பு, கீபோர்டுக்கு நடுவில் சிவப்புப் பொட்டு. அலுவலகங்களுக்காகவே செய்யப்பட்ட மெஷின் இது. புதிதாக வாங்கினால் லட்சம் ரூபாயைத் தாண்டிவிடும். ஆனால் பெரிய நிறுவனங்கள் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழிக்கிற மெஷின்கள் சென்னை ரிச்சி தெருக் கடைகளிலும் இணையக் கடைகளிலும் அதைவிட மிகக் குறைந்த விலைக்கு வருகின்றன. அதனால்தான் அலுவலகப் பக்கமே போகாதவர்களும் இதைப் பற்றி விசாரிக்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் மடிக்கணினியைச் சுமந்துகொண்டு அலைந்து, நிறைய டைப் செய்கிறவர்களுக்கு இதைவிட நல்ல மெஷின்கள் குறைவு. ஆனால் எடையைக் குறைப்பதற்காக இதில் விட்டுக்கொடுத்தவற்றில் முக்கியமானவை பிறகு மாற்ற முடியாதவை. வாங்குகிற அன்றைக்கே சரியாக முடிவெடுக்க வேண்டிய மெஷின் இது. கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் அந்த முடிவைப் பற்றியவைதான்.

தலைமுறை தலைமுறை என்கிறார்களே, அது என்ன?

பெயர் ஒன்றுதான், உள்ளே இருக்கும் மெஷின் கிட்டத்தட்ட வருடத்துக்கு ஒன்று. 2012இல் முதல் தலைமுறை, 2014இல் இரண்டாவது, அப்புறம் ஆண்டுக்கு ஒன்றாக வந்தது. 2014 முதல் 2023 வரை ஒரு சுலபமான கணக்கு உண்டு: ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்திலிருந்து 12ஐக் கழியுங்கள். 2018 என்றால் ஆறாம் தலைமுறை, 2021 என்றால் ஒன்பதாம் தலைமுறை.

விற்கிறவர் “எக்ஸ்1 கார்பன், ஐ7, 16 ஜிபி” என்று மட்டும் எழுதியிருந்தால் அதில் பாதித் தகவல்தான் இருக்கிறது. மெஷினைத் திருப்பி அடியில் இருக்கும் ஸ்டிக்கரில் மாடல் எண்ணைப் பாருங்கள். முதல் நான்கு எழுத்து போதும். 20ஹெச்கியூ என்றால் ஐந்தாவது, 20கேஹெச் என்றால் ஆறாவது, 20கியூடி ஏழாவது, 20யூ9 எட்டாவது, 20எக்ஸ்டபிள்யூ ஒன்பதாவது. தொலைவிலிருந்து வாங்குவதாக இருந்தால் அந்த ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் அந்த வியாபாரம் வேண்டாம்.

எடை உண்மையிலேயே அவ்வளவு குறைவா?

ஆமாம். முதல் தலைமுறை 1.36 கிலோ. 2017இல் திரையைச் சுற்றியிருந்த பட்டையைக் குறைத்து, 14 அங்குலத் திரையைப் பழைய 13 அங்குல மெஷின் அளவுக்குள் அடக்கினார்கள், எடை 1.13 கிலோ ஆனது. 2019இல் 1.09. பதின்மூன்றாம் தலைமுறை ஒரு கிலோவுக்கும் கீழே தொடங்குகிறது.

மேல்மூடி கார்பன் இழையால் ஆனது, கீழ்ப்பகுதியில் மக்னீசியம் கலவை. கையில் எடுக்கும்போது பிளாஸ்டிக் போலத் தோன்றி ஏமாற்றம் தரலாம், அலுமினியத்தின் குளிர்ச்சி இருக்காது. ஆனால் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், வளையாது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: நீங்கள் சுமக்கப்போவது சார்ஜரையும் சேர்த்து. கடையில் எடை பார்க்கும்போது இரண்டையும் சேர்த்துத் தூக்குங்கள்.

கீபோர்டைப் பற்றி ஏன் இவ்வளவு புகழ்கிறார்கள்?

புகழ்ச்சிக்குக் காரணம் இருக்கிறது. விசையின் மேற்பரப்பு லேசாகக் குழிந்திருக்கும், கீழ்விளிம்பு வளைந்திருக்கும். விரல் சற்று விலகி விழுந்தாலும் விசையின் நடுவுக்கே வந்து சேரும். அழுத்தும்போது எங்கே ‘பிடித்தது’ என்று விரலுக்குத் தெளிவாகத் தெரியும். மெலிதான மெஷின்கள் பலவற்றில் இந்த உணர்வு கிடையாது. மேசையைத் தட்டுவது மாதிரி இருக்கும்.

தமிழில் டைப் செய்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஆங்கிலத்தைவிட ஷிஃப்ட், புள்ளி, உயிர்மெய் என்று தட்டல்கள் கூடுதல். தமிழ்99 முறையில் உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் வலக்கையிலும் மாறி மாறி விழும்போது, விசைகள் ஒரே சீராக இருந்தால்தான் வேகம் வரும். எட்டுப் பத்துப் பக்கம் தொடர்ந்து அடித்த பிறகு விரல் நுனி வலிக்கிறதா என்பதுதான் உண்மையான சோதனை. இந்தக் கீபோர்டு அதில் தேறுகிறது.

ஆனால் எல்லாத் தலைமுறையும் ஒன்றல்ல. அண்மைத் தலைமுறைகளில் விசை இறங்கும் ஆழம் 1.5 மி.மீ.; முந்தையவற்றில் இதைவிட ஆழமாக இறங்கும். மெஷின் மெலியும்போது முதலில் அடிபட்டது இதுதான். புதியது மோசம் என்று சொல்லமாட்டேன், ஆனால் ஆறாம் தலைமுறையில் டைப் செய்து பழகியவர்களுக்கு வித்தியாசம் உடனே தெரியும்.

2014இல் வந்த இரண்டாம் தலைமுறையை மட்டும் கீபோர்டுக்காகவே தவிர்த்துவிடுங்கள். மேல் வரிசையில் இருந்த எஃப்1, எஃப்2 விசைகளை எடுத்துவிட்டுத் தொடுபட்டை ஒன்றை வைத்தார்கள். கேப்ஸ் லாக் இருந்த இடத்தில் ஹோம், எண்ட் விசைகள் வந்தன. வாங்கியவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், அடுத்த வருடமே பழைய விசைகள் திரும்பி வந்தன. பயன்படுத்துகிறவர்களின் பேச்சைக் கேட்டு ஒரு நிறுவனம் இப்படிப் பின்வாங்கியதை நான் இந்த மெஷினின் பலங்களில் ஒன்றாகவே எண்ணுகிறேன்.

அந்தச் சிவப்புப் பொட்டு எதற்கு?

டிராக்பாயிண்ட் என்று பெயர். ஆங்கில அமைப்பில் ஜி, ஹெச், பி விசைகளுக்கு நடுவில் இருக்கும். தமிழ்99இல் பார்த்தால் ‘எ’வுக்கும் ‘க’வுக்கும் இடையில். ஆள்காட்டி விரலால் லேசாகத் தள்ளினால் அம்புக்குறி நகரும். கையை விசைகளை விட்டு எடுக்கவே வேண்டாம் என்பதுதான் இதன் பயன். ஐபிஎம்மில் டெட் செல்கர் உருவாக்கியது. 1992இல் வந்த திங்க்பேட் 700சி முதல் இருக்கிறது. 2005இல் ஐபிஎம்மின் பிசி வணிகத்தை லெனோவோ வாங்கிய பிறகும் அதைக் கைவிடவில்லை.

பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். பழகிவிட்டால் ஓடும் ரயிலில், மடியில் வைத்து எழுதும்போது டச்பேடைத் தொடவே தோன்றாது. நடுப் பொத்தானை அழுத்திக்கொண்டு பொட்டைத் தள்ளினால் பக்கம் மேலும் கீழும் ஓடும். பிடிக்காவிட்டாலும் நஷ்டமில்லை, டச்பேடும் இருக்கிறது. ஆனால் பொட்டுக்கான மூன்று பொத்தான்கள் மேலே இடம் எடுத்துக்கொள்வதால் டச்பேட் சிறியது. மேக்புக்கிலிருந்து வருகிறவர்களுக்கு இது நிச்சயம் குறையாகப் படும்.

எட்டு ஜிபி ரேம் போதுமா? பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்கிறாரே கடைக்காரர்?

முடியாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். எக்ஸ்1 கார்பனில் முதல் தலைமுறை தொடங்கி ரேம் மதர்போர்டிலேயே சாலிடர் செய்யப்பட்டிருக்கிறது. ஸ்லாட் கிடையாது. எட்டு ஜிபி வாங்கினால் அந்த மெஷினின் ஆயுள் முழுக்க எட்டு ஜிபிதான். கூட்ட வேண்டுமென்றால் மதர்போர்டையே மாற்ற வேண்டும், அந்தச் செலவுக்கு வேறு மெஷினே வாங்கிவிடலாம்.

ஏன் இப்படிச் செய்தார்கள்? ஸ்லாட் வைத்தால் அதன் உயரம் மெஷினின் தடிமனில் சேரும். அதோடு, இதில் இருக்கும் எல்பிடிடிஆர் வகை ரேம் குறைந்த மின்னழுத்தத்தில் ஓடுவது. மெஷின் தூங்கும்போது மிகக் குறைவாகவே மின்சாரம் குடிக்கும். ப்ராசஸருக்கு மிக அருகில், குட்டையான இணைப்பில் இருந்தால்தான் அது முழு வேகத்தில் ஓடும். ஆக இதைக் கஞ்சத்தனம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஆனால் அதன் சுமை முழுக்க வாங்குகிறவர் தலையில் விழுகிறது என்பதும் உண்மை.

தலைமுறைக்குத் தலைமுறை உச்சவரம்பும் மாறும். ஐந்து முதல் எட்டு வரை 16 ஜிபிக்கு மேல் வரவே இல்லை. ஒன்பதாவதில் 32 ஜிபி கிடைத்தது. பதினொன்றில் 64 ஜிபி வரை போனது. பதின்மூன்றில் ரேம் ப்ராசஸர் பொதியின் மேலேயே வந்த மாடல்களில் மறுபடி 32தான் உச்சம்.

என் ஆலோசனை: எட்டு ஜிபி மெஷின் எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதீர்கள். பிரவுசரில் இருபது டேப், ஒரு வீடியோ மீட்டிங், ஒரு எக்செல் கோப்பு. இவ்வளவிலேயே எட்டு ஜிபி திணறும். ஐ5 ப்ராசஸரும் 16 ஜிபியும் இருக்கிற மெஷினுக்கும், ஐ7 ப்ராசஸரும் எட்டு ஜிபியும் இருக்கிற மெஷினுக்கும் ஒரே விலை என்றால் யோசிக்காமல் முதலாவதை எடுங்கள்.

அப்படியானால் எதைத்தான் மாற்றலாம்?

கோப்புகளைச் சேமித்துவைக்கும் எஸ்எஸ்டியை மாற்றலாம். ஐந்தாம் தலைமுறைக்குப் பிறகு அடிமூடியில் ஐந்து ஸ்க்ரூதான். தளர்த்தினாலும் மூடியிலேயே நிற்கும், தொலையாது. சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் போதும். மூடியைப் பின்பக்கத்திலிருந்து மெதுவாக நெம்பினால் முன்பக்கக் கொக்கிகள் விடுபடும். உள்ளே எம்.2 வகை எஸ்எஸ்டி ஒரே ஒரு ஸ்க்ரூவில் இருக்கும். முதல் வேலையாகப் பேட்டரி இணைப்பை நிறுத்திவிடுங்கள்; பயாஸிலேயே (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை அமைப்புப் பக்கம்) உள் பேட்டரியைத் தற்காலிகமாகத் துண்டிக்கும் வசதி இருக்கிறது.

பேட்டரியும் மாற்றக்கூடியதுதான், ஒட்டப்படவில்லை, ஸ்க்ரூவில் நிற்கிறது. வைஃபை அட்டை சில தலைமுறைகளில் சாலிடர், சிலவற்றில் தனி அட்டை.

பேட்டரி ஒரு நாள் தாங்குமா?

எந்த வேலை செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒன்பதாம் தலைமுறையில் இருப்பது 57 வாட்-மணி பேட்டரி. எழுத்து வேலையில் மெஷின் 6 வாட் இழுத்தால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வரும். வீடியோ மீட்டிங்கில் 12 வாட் இழுத்தால் ஐந்து மணி நேரம்கூட வராது. இரண்டும் அதே பேட்டரிதான். ஏழு, எட்டாம் தலைமுறைகளில் பேட்டரி 51 வாட்-மணியாகக் குறைந்தது. அதில் 4கே திரையும் சேர்ந்தால் சார்ஜர் இல்லாமல் வெளியே போக முடியாது.

பழைய மெஷின் வாங்குகிறவர்கள் விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட்டைக் கட்டாயம் எடுத்துப் பாருங்கள். தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது முழு சார்ஜில் நிற்கும் கொள்ளளவும் அதில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். 57க்கு 50 நின்றால் நல்லது. 35 என்றால் பேட்டரி மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

எப்போதும் சார்ஜரிலேயே வைத்து வேலை செய்கிறவர்கள் லெனோவோ வான்டேஜ் செயலியில் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்திவைக்கலாம். லித்தியம் பேட்டரி முழுதாக நிரம்பிய நிலையில் சூட்டோடு கிடந்தால் சீக்கிரம் தேயும். நம் ஊர் வெயிலுக்கு இது வீண் எச்சரிக்கை அல்ல.

சூடாகிறது, வேகம் குறைகிறது என்று படித்தேனே?

உண்மைதான். மெலிந்த உடம்பில் வெப்பத்தை வெளியேற்ற இடம் குறைவு. சின்ன வேலைகளில் ப்ராசஸர் பாய்ந்து முடித்துவிடும். பத்து நிமிடம் தொடர்ந்து ஓடுகிற வீடியோ ஏற்றுமதி மாதிரி வேலைகளில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு சூட்டைக் கட்டுக்குள் வைக்கும். 2022இல் வந்த பத்தாம் தலைமுறையில் சில மாடல்களில் 28 வாட் ப்ராசஸரை வைத்தார்கள். வேகம் கூடியது, விசிறிச் சத்தமும் கூடியது, பேட்டரி நேரம் குறைந்தது. அந்தத் தலைமுறையை வாங்குவதாக இருந்தால் ப்ராசஸர் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள்: ‘பி’ என்று முடிந்தால் 28 வாட், ‘யூ’ என்று முடிந்தால் அதைவிடக் குளிர்ச்சியானது.

ஆட்டோகேடில் பெரிய வரைபடங்கள், வீடியோ எடிட்டிங், கேம் இவையெல்லாம்தான் உங்கள் வேலை என்றால் இந்த மெஷின் உங்களுக்கு இல்லை. தனி கிராஃபிக்ஸ் அட்டை இதில் வராது.

மூடிப் பையில் வைத்தேன், எடுத்தால் கொதிக்கிறது, பேட்டரியும் காலி. ஏன்?

இது இந்த மெஷினுக்கு மட்டும் வந்த நோய் அல்ல. இப்போதைய விண்டோஸ் மடிக்கணினிகள் மூடியபின்னும் முழுதாகத் தூங்குவதில்லை. போன் மாதிரி அரைத் தூக்கத்தில் இருந்து மெயில், அப்டேட் எல்லாம் பார்க்கும். பைக்குள் காற்றோட்டம் இல்லாதபோது ஏதாவது ஒரு வேலை ஓடத் தொடங்கினால் சூடு ஏறிக்கொண்டே போகும். மூடியை மூடினால் ஹைபர்னேட் ஆகும்படி (திறந்திருந்த வேலையைச் சேமித்துவிட்டு முழுதாக அணைவது) கன்ட்ரோல் பேனலில் பவர் அமைப்பை மாற்றிவிடுங்கள். திறக்கும்போது சில நொடி கூடுதலாகக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

போர்ட்டுகள் போதுமா? போன் சார்ஜரில் சார்ஜ் ஏறுமா?

இந்த எடைக்கு இது தாராளம். ஒன்பதாம் தலைமுறையில் இரண்டு தண்டர்போல்ட் 4 (யூஎஸ்பி-சி வடிவில் இருக்கும் வேகமான போர்ட்), இரண்டு சாதாரண யூஎஸ்பி, முழு அளவு எச்டிஎம்ஐ, ஹெட்போன் துளை. புரொஜெக்டர் இருக்கும் எந்த அறைக்கும் அடாப்டர் தேடாமல் போகலாம். நெட்வொர்க் கேபிளுக்கு மட்டும் அடாப்டர் வேண்டும். கேமரா கார்டுக்கு முழு அளவுத் துளை இல்லை, புகைப்படக்காரர்கள் கவனிக்க.

ஐந்தாம் தலைமுறையிலிருந்து சார்ஜிங் யூஎஸ்பி-சி வழியாகத்தான். நல்ல 45 வாட் பிடி (பவர் டெலிவரி) சார்ஜரில் மெதுவாக ஏறும், 65 வாட் இருந்தால் முழு வேகம். 18, 20 வாட் போன் சார்ஜரை நம்ப வேண்டாம்.

யூஎஸ்பி-சி போர்ட் செத்துவிடும் என்கிறார்களே?

2017 முதல் 2019 வரை வந்த திங்க்பேட்கள் பலவற்றில் தண்டர்போல்ட் ஃபர்ம்வேரில் (அந்தப் போர்ட்டை இயக்கும் உள்மென்பொருள்) ஒரு குறை இருந்தது. அதில் எக்ஸ்1 கார்பனின் ஐந்து, ஆறு, ஏழாம் தலைமுறைகளும் சேரும். நாளடைவில் போர்ட் வெளித்திரையைக் காட்டாது, சார்ஜையும் ஏற்காது. லெனோவோவே இதை அறிவித்து ஃபர்ம்வேர் அப்டேட்டை வெளியிட்டது. கெடுவதற்கு முன் அப்டேட் போட்டால் பிரச்சினை இல்லை. கெட்ட பிறகு பெரும்பாலும் மதர்போர்டு வேலைதான். ஆகவே இந்த மூன்று தலைமுறைகளில் எதை வாங்கினாலும் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை இந்த அப்டேட்.

ஐந்தாம் தலைமுறைக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 2016 டிசம்பருக்கும் 2017 அக்டோபருக்கும் இடையில் தயாரான சில மெஷின்களில் உள்ளே ஒரு ஸ்க்ரூ சரியாக முறுக்கப்படாமல் விட்டுப்போனது. அது நழுவிப் பேட்டரியைச் சேதப்படுத்தித் தீப்பிடிக்கக்கூடும் என்பதால் 2018 பிப்ரவரியில் லெனோவோ திரும்ப அழைத்தது. அந்தக் காலத்து மெஷின் என்றால் அடிமூடியைத் திறந்து, உள்ளே தளர்ந்த ஸ்க்ரூ எதுவும் இல்லை என்று பார்த்த பிறகே ஆன் செய்யுங்கள்.

எந்தத் திரை நல்லது?

வெளிச்சம் 400 நிட்ஸ் உள்ள ஃபுல்ஹெச்டி திரை. ஏழாம் தலைமுறையிலிருந்து இது கிடைக்கிறது, மின்சாரமும் குறைவாகவே இழுக்கும். 4கே திரை அழகாகத்தான் இருக்கும். 14 அங்குலத்தில் அந்தக் கூர்மைக்காகப் பேட்டரியைக் கொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆறாம் தலைமுறையில் 500 நிட்ஸ் எச்டிஆர் திரை ஒன்று உண்டு, நிறங்கள் அற்புதம், ஆனால் பளபளப்பு. ஜன்னலோரம் உட்கார்ந்தால் உங்கள் முகம்தான் தெரியும்.

ஒன்பதாம் தலைமுறையில் திரை 16:10 விகிதத்துக்கு மாறியது. உயரம் சற்றே கூடியதால் ஒரு பக்கத்தில் இன்னும் சில வரிகள் தெரியும். எழுதுகிறவர்களுக்கும் கணக்கு வேலைக்காரர்களுக்கும் இது பெரிய நன்மை. பட்ஜெட் இடம் கொடுத்தால் ஒன்பதாம் தலைமுறையிலிருந்து பாருங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெப்கேமரா ஒன்பது வரை 720பி, மங்கல். பத்திலிருந்துதான் 1080பி.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது கடையிலேயே என்னென்ன பார்க்க வேண்டும்?

முதலில் பூட்டுகள். இவை அலுவலக மெஷின்கள், பழைய நிறுவனத்தின் பூட்டு இன்னும் போடப்பட்டிருக்கலாம். ஆன் செய்து லோகோ வரும்போது எஃப்1 விசையை அழுத்துங்கள். பாஸ்வேர்ட் கேட்டால் பயாஸில் சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் இருக்கிறது என்று பொருள். திங்க்பேடில் அது தனிச் சிப்பில் பதிந்திருக்கும், சிறிய பேட்டரியைக் கழற்றி மாட்டினால் அழியாது. பாஸ்வேர்ட் தெரியாவிட்டால் லெனோவோ சொல்லும் வழி மதர்போர்டை மாற்றுவதுதான். “அதை நாங்கள் எடுத்துத் தருகிறோம்” என்று கடைக்காரர் சொன்னால், எடுத்துக் காட்டிய பிறகு பணம் கொடுங்கள்.

இரண்டாவது பூட்டு விண்டோஸில். சில நிறுவனங்கள் ஆட்டோபைலட் என்ற முறையில் மெஷினைத் தங்கள் பெயரில் பதிவு செய்திருக்கும். கடையில் போட்டுக் கொடுத்த விண்டோஸ் நன்றாகவே ஓடும். பிறகு ஒரு நாள் நீங்கள் ரீசெட் செய்தால், யாரோ ஒரு நிறுவனத்தின் பெயரோடு லாகின் பக்கம் வந்து நிற்கும். இதைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் கடையிலேயே உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து ஒருமுறை முழுதாக ரீசெட் செய்து பார்க்க வேண்டும். நேரம் பிடிக்கும், காத்திருங்கள்.

அப்புறம் உடம்பு. திரையை 180 டிகிரி படுக்கவைத்து மெதுவாகத் தூக்குங்கள், ஹிஞ்ச் எந்த இடத்திலும் தளர்ந்து விழக்கூடாது. முழு வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து திரையை மூலை மூலையாகப் பாருங்கள். மேல்மூடி மெல்லியது, நெரிசலான பையில் அழுந்திக் கிடந்த மெஷின்களில் வெளிறிய புள்ளிகளோ விசைகளின் தடமோ தெரியும். மேற்பூச்சு உள்ளங்கை படும் இடங்களில் தேய்ந்து எண்ணெய்ப் பளபளப்பாக இருந்தால் மெஷின் நன்றாக உழைத்திருக்கிறது. விலை பேச அது உதவும், வேலைக்குக் கெடுதல் இல்லை. இரண்டு யூஎஸ்பி-சி போர்ட்டிலும் தனித்தனியே சார்ஜர் குத்தி, வயரை லேசாக அசைத்துப் பாருங்கள். ஒவ்வொரு விசையையும் ஒருமுறை அழுத்துங்கள்.

கடைசியாக, அடியில் இருக்கும் சீரியல் எண்ணை லெனோவோவின் ஆதரவுத் தளத்தில் போட்டால், ஆலையை விட்டு வந்தபோது அதில் என்னென்ன இருந்தது என்று வரும். ரேம், திரை, ப்ராசஸர் மூன்றும் கடைக்காரர் சொன்னதோடு ஒத்துப்போக வேண்டும்.

விண்டோஸ் 11 ஓடுமா?

இன்டெல் எட்டாம் தலைமுறை ப்ராசஸரிலிருந்துதான் மைக்ரோசாஃப்ட் ஆதரிக்கிறது. எக்ஸ்1 கார்பனில் அது 2018இன் ஆறாம் தலைமுறை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. ஐந்தும் அதற்கு முந்தையவையும் விண்டோஸுக்காக வாங்க வேண்டாம். லினக்ஸ் போடுவதாக இருந்தால் இன்னும் நன்றாக ஓடும்.

லினக்ஸ் எப்படி?

மிக நன்றாக. 2020இல் எட்டாம் தலைமுறையை லெனோவோவே ஃபெடோரா என்ற லினக்ஸைப் போட்டு விற்றது. ஃபர்ம்வேர் அப்டேட்டுகளும் லினக்ஸிலிருந்தே போட்டுக்கொள்ளலாம், அதற்காக விண்டோஸ் வைத்திருக்க வேண்டியதில்லை. ஆறாம் தலைமுறை வந்த புதிதில் மெஷின் சரியாகத் தூங்காது என்ற புகார் இருந்தது. பிறகு வந்த பயாஸில் ஸ்லீப் ஸ்டேட் என்ற இடத்தில் லினக்ஸ் என்று தேர்ந்தெடுக்க வழி செய்தார்கள். ஐந்து, ஆறில் கைரேகை ரீடரை நம்ப வேண்டாம். பத்துக்குப் பிறகு வந்த சில மாடல்களில் கேமரா தொல்லை தரலாம், வாங்கும் முன் அந்த மாடலைக் குறிப்பிட்டுத் தேடிப் பாருங்கள்.

இதே பணத்துக்கு மேக்புக் ஏர் வாங்கலாமே?

பேட்டரியும் சத்தமின்மையும் முக்கியம் என்றால் வாங்குங்கள். 2020இன் எம்1 ஏரில் விசிறியே கிடையாது, பேட்டரியில் அதே காலத்து எக்ஸ்1 கார்பன் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. எடை 1.29 கிலோ. எக்ஸ்1 முந்துவது கீபோர்டில், போர்ட்டுகளில், எஸ்எஸ்டியை மாற்ற முடிவதில், விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள்களில். டாலியில் கணக்கெழுதுகிறவர்களுக்கு இந்தக் கடைசி ஒன்றே போதும்.

திங்க்பேடே வேண்டும், ஆனால் ரேம் மாற்ற முடிய வேண்டும் என்றால்?

2018இன் டி480ஐப் பாருங்கள். ரேமுக்கு இரண்டு ஸ்லாட். பேட்டரியும் இரண்டு, ஒன்று உள்ளே, ஒன்று பின்பக்கம் கழற்றி மாட்டுவது. ஓடிக்கொண்டிருக்கும்போதே பின் பேட்டரியை மாற்றலாம். எடை ஒன்றரைக் கிலோவுக்கு மேல், தடிமனும் கூடுதல். வீட்டுக்கும் கல்லூரிக்கும் பைக்கில் போய்வரும் மாணவருக்கு நான் டி480ஐத்தான் சொல்வேன். வாரத்தில் பாதி நாள் ஊர் ஊராகப் பயணம் செய்கிறவருக்கு எக்ஸ்1 கார்பன்.

காபி கொட்டினால்? கீழே விழுந்தால்?

கீபோர்டு கொஞ்சம் சிந்தலைத் தாங்கும்படி செய்யப்பட்டது. தாங்கும் என்பது மெஷினை அணைத்துத் துடைக்க உங்களுக்கு நேரம் கிடைக்கும் என்ற அளவில்தான். அமெரிக்க ராணுவத் தர சோதனைகளில் தேறியது என்று விளம்பரத்தில் வரும். அதிர்வு, தூசி, வெப்பம், ஈரம் போன்றவற்றை ஆய்வகத்தில் சோதிப்பது அது. மாடிப்படியில் விழுந்த மெஷினுக்கு வாரண்டி கிடைக்கும் என்று அதற்குப் பொருள் இல்லை.

இடது மூலையில் கன்ட்ரோல் இல்லாமல் எஃப்என் இருக்கிறதே, கை தவறிக்கொண்டே இருக்கிறது.

பயாஸில் போய் இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ளலாம், அதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. விசையின் மேல் அச்சு மட்டும் பழையபடி இருக்கும். 2024 மாடலிலிருந்து லெனோவோவே கன்ட்ரோலை மூலைக்குக் கொண்டுவந்துவிட்டது.

சிவப்புப் பொட்டின் மூடி தேய்ந்து வழுக்குகிறது. முழு கீபோர்டையும் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். நகத்தால் மேலே இழுத்தால் மூடி மட்டும் கழன்று வரும். தனி மூடிகள் இணையக் கடைகளில் கிடைக்கின்றன. உயரம் மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை வேறுபடும். பழைய தடித்த திங்க்பேடுக்கான மூடியை மாட்டி மெஷினை மூடினால் அது திரையில் போய் அழுந்தும். அதனால் உங்கள் மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.